இரண்டாயிரம் பேரைக் கேட்டோம் என்றார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி: ஒரு சர்வே கம்பெனியின் சேவை பற்றி

ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எங்களுடையது. கடலைச் செக்கு ஒன்று போடலாமா, போட்டால் எந்த அளவில் போடலாம், ஓட்டுவதற்குப் போதுமான கடலை நம்ம பக்கத்திலேயே கிடைக்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. கடன் கேட்கப் போனால் பேங்கிலும் ஆய்வு அறிக்கை கேட்பார்கள். அதனால் கோவையில் இருக்கும் ஒரு சர்வே கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தோம். பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி வேலை செய்யும் கம்பெனிகள் திருப்பூர், கோவை, சேலம் பக்கம் நிறைய வந்துவிட்டன, பனியன் கம்பெனிக்காரர்களில் இருந்து பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் வரைக்கும் அவர்களிடம் போகிறார்கள், அத்தனை பேருக்கும் பொருந்துகிற விஷயத்தைத்தான் எழுதுகிறேன். காலேஜில் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தே சர்வீஸ் முடித்தவன் நான், இப்போது இந்த நிறுவனத்தில் ஒரு இயக்குநர், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்துக்கு வந்த பையன்களும் பெண்களும் நல்ல உழைப்பாளிகள், மரியாதையானவர்கள், வெயிலில் அலைந்தார்கள். டேப்லெட்டில் பதிவு, இடம் குறிக்கும் வசதி, கலர் கலராக வரைபடம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முதல் சுற்றில் யாரைக் கேட்பது என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் உதவாது. நாங்கள் உட்கார வைத்துக் கேட்ட பிறகு இரண்டாவது சுற்று செய்து கொடுத்தார்கள், அது நன்றாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த விமர்சனம்.

முதல் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 2000 விவசாயிகள், 95 சதவீத நம்பிக்கை அளவு, பிழை இரண்டே கால் சதவீதத்துக்குள். படிக்கிற யாருக்கும் இதைப் பார்த்தால் மனசு நிம்மதியாகிவிடும். கணக்கு தப்பில்லை, 2000 பேரை ரேண்டமாக எடுத்தால் பிழை எல்லை கிட்டத்தட்ட அதுதான். 400 பேர் என்றால் 5 சதவீதம் கூடக் குறைய, 1600 பேர் என்றால் இரண்டரை. அதாவது பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு முழுக்க, குலுக்கல் போட்டு ஆட்களை எடுத்தால் அதிர்ஷ்டவசத்தில் வரக்கூடிய ஏற்ற இறக்கத்துக்கு மட்டும்தான். எடுத்த விதமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு 2000 பேரிலும் இருக்கும், இரண்டு லட்சம் பேரிலும் அப்படியே இருக்கும். எண்ணிக்கை கூடக் கூடத் தப்பான விடையை இன்னும் உறுதியாகச் சொல்வோம், அவ்வளவுதான்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ எடுத்தார். டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு மாதிரியான பட்டியல்களில் இருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள், பொருளாதார மந்தம் இன்னும் தீராத காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அது போக, சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களே ஒரு தனி ரகம், ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள் அதில் அதிகம். அதே தேர்தலில் கருத்துக் கணிப்பு நடத்திய ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்துச் சரியாகச் சொன்னார். இதையெல்லாம் அந்தக் கம்பெனி மேனேஜரிடமும் சொன்னேன், அவரும் எம்.பி.ஏ.வில் படித்திருக்கிறார். படித்தது வேறு, மதகில் வந்து நிற்கும்போது ஞாபகம் வருவது வேறு.

இப்போது மதகுக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப ஆத்திரம் வந்த இடம் இது.

பவானிசாகரில் இருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. தண்ணீர் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கிடையாது. ஆயக்கட்டை, அதாவது வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலப்பரப்பை, சரிபாதியாக, 1,03,500 ஏக்கர் வீதம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகள் ஒரு பாதி, இரட்டைப்படை மதகுகள் மறுபாதி. சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இது தலைகீழ், அங்கே இரட்டைப்படை மதகுகள்தான் பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படையோடு சேரும். ஒரு பாதிக்கு நன்செய் தண்ணீர் வரும், நெல் நடுவார்கள். இன்னொரு பாதிக்குப் புன்செய்க்கு விடுவார்கள், கடலை, எள் போடுவார்கள். வாய்க்கால் கரையில் பிறந்த சின்னப் பையனுக்கும் இது தெரியும்.

கம்பெனிக்காரர்கள் மதகுப் பட்டியலை வாங்கி, எண் வரிசையில் அடுக்கி, நான்குக்கு ஒன்று என்று எடுத்திருக்கிறார்கள். 1, 5, 9, 13 என்று போகும். அத்தனையும் ஒற்றைப்படை! பட்டியலில் வரிசையாக இத்தனைக்கு ஒன்று என்று எடுக்கும் முறை சர்வேயில் ரொம்பப் பழையது, சுலபமானது, பல இடங்களில் நல்ல முறைதான். ஆனால் பட்டியலுக்குள்ளேயே ஒரு தாளம் இருந்து, நாம் எடுக்கும் இடைவெளியும் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் போச்சு. இடைவெளி எந்த இரட்டைப்படை எண்ணாக இருந்தாலும் இங்கே இதேதான் நடக்கும், 2 ஆனாலும் 6 ஆனாலும் 10 ஆனாலும். ஐந்துக்கு ஒன்று என்று எடுத்திருந்தால்கூட 1, 6, 11, 16 என்று மாறி மாறி வந்திருக்கும், தப்பித்திருப்பார்கள். அந்தப் பருவத்தில் பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளில் நெல். ஆகவே அறிக்கை என்ன சொன்னது என்றால், இந்தப் பகுதியில் கடலை சாகுபடி மிகக் குறைவு, செக்கு போடுவது லாபகரமாக இருக்காது. பக்கத்து மதகில் பச்சைப் பசேல் என்று கடலைக் கொடி நிற்கிறது! அந்த மதகில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கரை ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். இதே அறிக்கை 2, 6, 10 என்று ஆரம்பித்திருந்தால் எங்கு பார்த்தாலும் கடலை, பெரிய செக்காகவே போடுங்கள் என்று வந்திருக்கும், அதை நம்பிக் கடன் வாங்கியிருந்தால் நாங்கள் தொலைந்தோம்.

இன்னொன்று. ஒரு மதகுக்கு இருபது பேர் வீதம் கேட்டிருக்கிறார்கள். ஒரே மதகின் கீழ் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வரும் நாள் ஒன்று, மண் ஒன்று, பயிர் ஒன்று. இருபது பேரைக் கேட்டாலும் புதிதாகத் தெரிய வருவது நாலைந்து பேரைக் கேட்டால் தெரிவதுதான். கொத்துக் கொத்தாக ஆட்களை எடுக்கும்போது இரண்டே கால் சதவீதம் என்ற பிழை எல்லையும் நிற்காது, அது கணிசமாக விரியும். அந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் முதல் பக்கத்தில் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நிறைய மதகு, மதகுக்குக் கொஞ்சம் பேர் என்று போயிருக்க வேண்டும், பெட்ரோல் செலவு கூடும், அதுதான் காரணம்.

சரி, மதகை விடுங்கள். மதகுக்குக் கீழே ஆளை எப்படி எடுத்தார்கள்? பட்டாதாரர் பட்டியல். நம்ம ஊர்ப் பட்டாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாத்தா இறந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் பெயரிலேயே இருக்கும், கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நாலு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் மட்டும் பண்ணையம் பார்ப்பார், மற்றவர்கள் கோவையில் குடியிருப்பார்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் ஓட்டுகிறவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, கடலையை விற்கிற முடிவு எடுப்பது அவர்தான். நாலு இடத்தில் நாலு பட்டா வைத்திருப்பவர் நாலு முறை குலுக்கலில் இருக்கிறார், ஒரு ஏக்கர்க்காரர் ஒரே முறை. அப்புறம் ஆயக்கட்டுக்கு வெளியே, வாய்க்காலின் கசிவு நீரில் கிணறு ஊறி அதை வைத்துப் பயிர் செய்கிறவர்கள் ஏராளம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி நம்ம பக்கம் இத்தனை வருஷமாக நடக்கும் சண்டையே அவர்களையும் கடைமடைக்காரர்களையும் வைத்துத்தான். அப்படிப்பட்டவர்கள் இந்தச் சர்வேயின் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நல்ல குலுக்கல் போட்டாலும் வர மாட்டார்.

வீடு தேடிப் போன விதமும் இப்படித்தான். கொங்கு நாட்டில் விவசாயி ஊருக்குள் இருப்பது குறைவு, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்திலேயே கட்டிய வீட்டில் இருப்பார். தார் ரோட்டை விட்டு இறங்கி, இட்டேரியில் போய், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, கடைசியில் ஒரு சாளை, வாசலில் கட்டியிருக்கும் நாய் நாலு வீடு கேட்கிற மாதிரி குரைக்கும். டேப்லெட்டில் பதிவான இடக்குறிகளை நாங்கள் வரைபடத்தில் போட்டுப் பார்த்தோம். தார் ரோட்டு ஓரமாக மணி கோத்த மாதிரி புள்ளிகள், சாளைகள் இருக்கிற இடமெல்லாம் வெறிச்சென்று இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஒரு புள்ளி இல்லை. கடலை உடைக்கவும் காய வைக்கவும் செக்கில் வேலைக்கு வரவும் போவது அந்தக் குடும்பங்கள்தான், கூலி என்ன எதிர்பார்க்கிறார்கள், வருஷத்தில் எந்த மாதம் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்காமல் ஆலைக்கு என்ன திட்டம் போட முடியும்?

நேரமும் ஒரு காரணம். காலை பத்து மணிக்கு வந்து மாலை நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? வயசானவர்கள். இளவட்டம் எல்லாம் பெருந்துறை சிப்காட்டுக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போயிருக்கும், கம்பெனி பஸ் ராத்திரிதான் வந்து இறக்கிவிடும். பெண்கள் காட்டில் இருப்பார்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, நாற்பது வயசுக்குக் கீழே இத்தனை என்று ஒரு ஒதுக்கீடு கொடுத்திருந்ததால், அதை நிரப்ப டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் நின்றவர்களைப் பிடித்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் ஒதுக்கீடு அழகாக நிரம்பியிருக்கும். ஆனால் பால் சொசைட்டியில் நிற்கிறவர் மாடு வைத்திருப்பவர், கடலைக் கொடியை மாட்டுக்கே போடுகிறவர், கடலைப் புண்ணாக்கு வாங்குகிறவர். அவர் சொல்லும் பதில் மாடு இல்லாதவர் சொல்லும் பதிலாக இருக்காது. 1936இல் பேர் வாங்கிய அதே கேலப் 1948 ஜனாதிபதி தேர்தலில் டூயி ஜெயிப்பார் என்று சொல்லி, ட்ரூமன் ஜெயித்ததும், இந்த ஒதுக்கீட்டு முறை பெரிய அளவில் கேள்விக்கு உள்ளானது. ஒதுக்கீட்டுக்குள் யாரைப் பிடிப்பது என்பதை விசாரிக்கப் போகிறவரின் வசதிக்கு விட்டால், அவர் எளிதில் கிடைக்கிறவரைத்தான் பிடிப்பார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று டார்கெட் வைத்திருந்தது மேலே இருப்பவர்கள்.

பூட்டியிருந்த வீடுகளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டோம் என்றார்கள், ரொம்பச் சாதாரணமாக. பூட்டியிருக்கிற வீட்டுக்கும் திறந்திருக்கிற வீட்டுக்கும் வித்தியாசம் இருப்பதால்தானே அது பூட்டியிருக்கிறது! எத்தனை வீடு பூட்டியிருந்தது, எத்தனை பேர் பேச மறுத்தார்கள் என்ற கணக்கே அறிக்கையில் இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை வாயில் இருப்பதை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் விலை போட மாட்டார், அடியில் இருந்து அள்ளிப் பார்ப்பார். நம்ம காசு கொடுத்து வாங்கும் அறிக்கைக்கும் அந்த அளவு கவனம் வேண்டாமா?

கேள்வித்தாள் பற்றியும் சொல்ல வேண்டும். "கலப்படம் இல்லாத சுத்தமான எண்ணெய் நம் ஊரிலேயே கிடைக்க உழவர் நிறுவனம் செக்கு அமைத்தால் ஆதரவு தருவீர்களா?" இந்தக் கேள்விக்கு யார் இல்லை என்பார்கள்? அதுவும் வழி காட்டுவதற்கு என்று எங்கள் நிறுவனத்து ஆள் ஒருவர் கூடவே போயிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்துப் பேசும்போது, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் நம்ம பக்கம் இல்லை. "ஆகட்டுங்க, செய்யுங்க" என்றுதான் வரும். படிவத்தில் அது "முழு ஆதரவு" என்று ஏறிவிட்டது. கேட்க வேண்டியது, போன பருவத்தில் கடலையை யாருக்கு விற்றீர்கள், என்ன விலைக்கு, முன்பணம் வாங்கியிருந்தீர்களா, அடுத்த பருவத்துக்கும் அதே வியாபாரிதானா என்று. நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். விளைச்சலைக் கேட்ட இடத்திலும் படிவத்தில் கிலோ மட்டும்தான் இருந்தது. ஒருவர் மூட்டையில் சொல்வார், பெரியவர்கள் வள்ளத்தில் சொல்வார்கள், காயாகவா பருப்பாகவா என்று யாரும் கேட்கவில்லை, விசாரிக்கிற பிள்ளை மனக்கணக்காகக் கிலோவாக்கிப் போட்டுக்கொண்டது.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, மீதிப் பணத்தைக் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன பிறகு கம்பெனியில் இருந்து இன்னொருவர் வந்தார், களத்தில் அனுபவம் உள்ளவர். அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு நாள் முழுக்க வாய்க்கால் கரையில் எங்களோடு நடந்தார், எதிர்த்துப் பேசவில்லை, குறித்துக்கொண்டார். இரண்டாம் சுற்றில் மதகுகளை முதலில் இரண்டு பாதியாகப் பிரித்தார்கள், சென்னசமுத்திரத்தின் தலைகீழ்க் கணக்கையும் சேர்த்து. ஒவ்வொரு பாதியையும் தலைமடை, நடுமடை, கடைமடை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி மதகு எடுத்தார்கள். ஆயக்கட்டுக்கு வெளியே கிணற்றுப் பாசனத்துக்கு ஒரு தனிப் பிரிவு, தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னொன்று. எடுத்த இடத்தில் பட்டாவைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, சாளை சாளையாகப் போய் யார் உண்மையில் ஓட்டுகிறார் என்று புதிதாக வீட்டுப் பட்டியல் போட்டார்கள். சலிப்பான வேலை, ஆனால் நம்ம நாட்டு தேசிய மாதிரி ஆய்விலும் எடுத்த ஊரில் முதலில் வீடுகளைப் பட்டியல் போட்டுவிட்டுத்தான் அதில் இருந்து எடுப்பார்கள். வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதற்கும் புள்ளியியல் அறிஞர் லெஸ்லி கிஷ் 1949இல் கொடுத்த அட்டவணை முறையை வைத்தார்கள், கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டு வரும் பழக்கம் போனது. அட்டவணையில் மருமகள் பெயர் வந்தால் மருமகளைத்தான் கேட்க வேண்டும், மாமனார் குறுக்கே பேசினால் பொறுமையாகச் சமாளிக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கு வேறு நாளில், ராத்திரி எட்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையில் என்று திரும்பத் திரும்பப் போனார்கள்.

நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். பி. சி. மகலனோபிஸ், கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர், வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கெடுத்தபோது ஒரு முறை கொண்டுவந்தார். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரே பகுதிக்கு இரண்டு குழுவைத் தனித்தனியாக அனுப்புவது. இரண்டு குழுவின் விடையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிம்மதி, எட்டிப் போனால் விசாரிக்கிறவர்களிடமே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். பணம் கொடுக்கிறவர் களத்துக்குப் போகாமலே வேலையின் தரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கம்பெனி முதலில் தயங்கியது, பிறகு ஒத்துக்கொண்டது. கடைமடைப் பக்கம் ஒரு இடத்தில் இரண்டு குழுவுக்கும் விடை ரொம்பத் தள்ளி வந்தது. தோண்டிப் பார்த்தால் ஒரு குழு காயாகவும் இன்னொரு குழு பருப்பாகவும் எடையை எழுதியிருந்தது. அந்த இடத்தைத் திருப்பிக் கேட்டுச் சரி செய்தார்கள்.

இரண்டாம் சுற்றில் கேட்டது முதல் சுற்றில் பாதிப் பேரைக்கூட இல்லை. ஆனால் வந்த விடையை வைத்துத் திட்டம் போட முடிந்தது. கடலை இருக்கிறது, ஆனால் அதில் பெரும் பங்கு வியாபாரிகளிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஏற்கனவே கட்டுப்பட்டது. முதலில் செக்கின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது முன்பணத்தை எப்படிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குத்தகைக்காரர்களைக் கேட்டதால்தான் அது தெரிந்தது, பட்டாதாரர்களைக் கேட்டபோது ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

இந்த மாதிரி கம்பெனியிடம் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் எத்தனை பேரைக் கேட்பீர்கள் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். எந்தப் பட்டியலில் இருந்து எடுப்பீர்கள், அந்தப் பட்டியலில் யார் விட்டுப் போவார்கள், ஆளைக் குலுக்கி எடுப்பது யார், பூட்டிய வீட்டுக்கு எத்தனை முறை திரும்பப் போவீர்கள், மறுத்தவர்கள் கணக்கை அறிக்கையில் போடுவீர்களா என்பதை முதலில் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் அனுப்பி ஆயிரக்கணக்கில் பதில் வாங்கித் தருகிறோம் என்று ஒரு மலிவான திட்டமும் வைத்திருக்கிறார்கள், அதை எடுக்காதீர்கள், நேரமும் கோபமும் இருக்கிறவர்கள்தான் அதை நிரப்புவார்கள்.

இந்தக் கம்பெனியை இன்னொரு முறை கூப்பிடுவீர்களா என்றால், இரண்டாவதாக வந்தவர் பொறுப்பில் இருந்தால் கூப்பிடுவேன். ஒரே குறை பாக்கி இருக்கிறது: விசாரித்தவர் வாரியாக மூலத் தரவைக் கேட்டோம், பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுத்தால்கூடப் போதும் என்றோம், இன்னும் வரவில்லை. ராத்திரி நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனி ரேட் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள், அந்தப் பணம் நேராக விசாரிக்கப் போகும் பிள்ளைகள் கைக்குப் போகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.